720 பாலினமும் என் காளான் குடிலும்

எங்கள் காளான் வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி அடிக்கடி சுற்றி வரும். மஞ்சளாக, கொழகொழவென்று ஒரு படம். கீழே ‘மூளை இல்லாமலே வழி கண்டுபிடிக்கும், 720 பாலினம் கொண்ட அதிசய உயிர்’ என்று நாலு வரி. 2019 அக்டோபரில் பாரிஸ் விலங்கியல் பூங்கா அந்த உயிரை, ஒரு சளிப்பூஞ்சையை, ‘ப்ளாப்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தபோது உலகம் பூராவும் பரவியது, இன்னும் அடங்கவில்லை. குழுவில் உடனே சிரிப்பு முகங்கள் வந்து விழும். ஒரு பெரியவர் ‘கலி முத்திப்போச்சு’ என்று எழுதுவார். அத்தோடு பேச்சு வைக்கோல் விலைக்குப் போய்விடும்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும். நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். வேலைக்குப் போகாமல் கே.வி.குப்பம் பக்கம் குடில் போட்டேன். மழையிலும் பனியிலும் சிப்பிக் காளான், வேலூர் வெயில் மண்டையைப் பிளக்கும் மாதங்களில் பால் காளான். படத்தில் இருப்பவரின் உறவுக்காரர் எங்கள் குடிலுக்கே வந்து போகிறவர். 720 என்ற எண் கட்டுக்கதை இல்லை. ஆனால் அதைப் பாலினம் என்று எண்ணி முடித்துவிட்டால் உள்ளே இருக்கிற சங்கதி கைநழுவிப் போகிறது. இரண்டு செல்கள் ஒட்டுவது ஒரு முடிவு. ஒட்டியது அடுத்த உருவமாக வளர்வது இன்னொரு முடிவு. இரண்டையும் வேறு வேறு மரபணுக்கள் எடுக்கின்றன. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். பாலாற்றைத் தண்ணீர் இல்லாத ஆறு என்று சொல்லியே பழகியவர்கள் நாங்கள். 2021 நவம்பரில் அது கரைபுரண்டு ஓடியது. அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிப்போன வைக்கோலை வேறு வழியில்லாமல் வாங்கிப் படுக்கை கட்டினோம். கொஞ்ச நாளில் பாலித்தீன் பை ஓட்டைகள் வழியாக மஞ்சள் நரம்பு மாதிரி ஏதோ வெளியே வந்தது. குடிலில் வேலை செய்யும் அக்கா, “இன்னாம்மா இது, நேத்து அந்தாண்ட இருந்துச்சு, இன்னிக்கி இந்தாண்ட கீது?” என்று கேட்டார். நல்ல அவதானிப்பு. பூசணம் இடம் மாறாது, இது மாறும்.

சளிப்பூஞ்சை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பத்தி வரும், ஞாபகம் இருக்கலாம். காளானுக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது, இது அமீபா வகையறா. எங்கள் படுக்கையில் வந்தது ஃபூலிகோ சாதி. மஞ்சளாகப் படர்ந்து, ஒரே ராத்திரியில் மேடு கட்டி, மேலே பொருக்குத் தட்டி, தொட்டால் உள்ளே கரும்பழுப்புத் தூள். ஆய்வுக்கூடங்களில் வளர்ப்பது இதன் பங்காளி, ஃபைசாரம் பாலிசெஃபாலம். பாரிஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததும் அதுதான். மரபியல் கணக்குகள் எல்லாம் பெரும்பாலும் ஃபைசாரத்திலும், டிடிமியம் இரிடிஸ் என்ற இன்னொன்றிலும் போடப்பட்டவை.

அந்த மஞ்சள் படலத்துக்குப் பிளாஸ்மோடியம் என்று பேர். கையகலம் இருந்தாலும் அது ஒரே செல். நடுவில் சுவரே இல்லாமல் லட்சக்கணக்கான உட்கருக்கள் ஒரே கஞ்சியில் மிதக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் சுமார் 10 மணி நேரத்துக்கு ஒரு முறை அத்தனை உட்கருவும் ஒரே சமயத்தில் பிரியும். விஸ்கான்சினில் புற்றுநோய் ஆய்வாளர் ஹெரால்ட் ரஷ் இதை வளர்க்க ஆரம்பித்ததே அதற்காகத்தான்: செல் பகுப்பின் எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்துவிடலாம். போன் கேமராவில் மாட்டுகிற சின்ன லென்ஸை வைத்து நரம்பைப் பார்த்தால் உள்ளே சாறு ஓடுவது தெரியும். ஒரு பக்கமாக ஓடும், தயங்கும், திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஒரு சுற்று. குடிலில் தண்ணீர் தெளிக்க வேண்டிய நேரத்தை நான் இதில் தொலைத்திருக்கிறேன்.

சாப்பாடு தீர்ந்து, வெளிச்சமும் பட்டால் பிளாஸ்மோடியம் மொத்தமும் ஸ்போர்களாக, அதாவது அந்தக் கரும்பழுப்புத் தூளாக, மாறிவிடும். ஸ்போருக்குள் குன்றல் பகுப்பு, அதாவது மரபணுத் தொகுதியைப் பாதியாக்கும் பிரிவு, நடக்கிறது. நாலு உட்கரு உண்டாகி மூன்று அழிந்து ஒன்றுதான் மிஞ்சும். ஈரம் கிடைத்ததும் அதிலிருந்து ஒரே ஒரு தொகுதி மரபணு உள்ள, ஒற்றைமடிய அமீபா ஒன்று வெளியே வரும். பாக்டீரியாவைத் தின்னும், தானே இரண்டாகப் பிரியும். தண்ணீர் அதிகமானால் வால் மாதிரி கசையிழை முளைத்து நீந்தும், வற்றினால் மறுபடி அமீபா. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கட்டத்திலேயே தலைமுறை தலைமுறையாக அதனால் காலம் தள்ள முடியும். மஞ்சளாக நம் கண்ணில் படுவது, இப்படி இரண்டு அமீபாக்கள் சேர்ந்ததற்கு அப்புறம்தான்.

எந்த இரண்டு? 1960இல் ஜெனிஃபர் டீ என்ற ஆய்வாளர் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரே அமீபாவின் வாரிசுகளை மட்டும் ஒரு தட்டில் வைத்தால் பிளாஸ்மோடியம் வருவதில்லை. வேறு வேறு வகைகளைக் கலந்தால் வருகிறது. இதை ஒரு மரபணு இடம் தீர்மானிக்கிறது, அதில் இருவரிடமும் வெவ்வேறு வடிவம் இருக்க வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் ஓ’நீல் ரே காலின்ஸ், டிடிமியத்தில் இதே மாதிரி ஒரே இடம், பல வடிவங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார். ஃபைசாரத்திலும் வடிவங்கள் இரண்டோடு நிற்கவில்லை என்று டீ 1966இல் எழுதினார்.

இந்த இடத்தில் என் மாமியார் உள்ளே வருகிறார். பொண்ணு பார்க்கும் பேச்சு எடுத்தாலே எங்கள் அத்தை முதலில் கேட்பது குலதெய்வம் எது என்றுதான். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பொண்ணு எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. நான் அமீபா கதையைச் சொன்னதும், “அப்போ அதுங்களும் குலதெய்வம் பார்க்குதுன்னு சொல்லு” என்றார். டீ கண்ட விதி அதேதான்: ஒரே வடிவம் என்றால் பங்காளி, சம்பந்தம் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு பெண் பார்ப்பதற்கு முன்னாலேயே முறிந்துவிடும். சளிப்பூஞ்சை எங்கே முறிக்கிறது என்பதுதான் அடுத்த இருபது வருடம் புரியாமல் கிடந்தது. உவமையை இங்கேயே விட்டுவிடுகிறேன்; இதற்கு மேல் இழுத்தால் அத்தை கோபித்துக்கொள்வார்.

பொருந்திய ஜோடிகளிலும் சில மடமடவென்று பிளாஸ்மோடியம் தந்தன, சில இழுத்தடித்தன. 1979இல் யங்மன், ஹோல்ட் முதலானவர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். இன்னொரு மரபணு இடம் இருக்கிறது. பழையதற்கு மேட்-ஏ என்றும் புதியதற்கு மேட்-பி என்றும் பேர். 1981இல் அவர்கள் குழு இரண்டின் வேலையையும் பிரித்துக் காட்டியதுதான் இந்தக் கதையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். அமீபாக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பார்ப்பது மேட்-பி. அது வேறாக இருந்தால் சுலபமாக ஒட்டும், ஒன்றாக இருந்தால் அபூர்வமாகத்தான் ஒட்டும். மேட்-ஏ ஒட்டுவதைக் கண்டுகொள்வதே இல்லை. மேட்-ஏ ஒன்றாக உள்ள இரண்டு அமீபாக்கள் தாராளமாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் அந்தச் சேர்க்கை பிளாஸ்மோடியமாக வளராது, அங்கேயே நின்றுபோகும். சேர்ந்த பிறகு உள்ளே இரண்டு வேறு மேட்-ஏ இருந்தால்தான் ‘சரி, இனி அமீபா வாழ்க்கை போதும்’ என்ற திருப்பம் நடக்கிறது.

ஆக மேட்-பி வாசலில் நிற்கிறது, மேட்-ஏ வளர்ச்சியைத் தொடங்குகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘பாலினம்’ என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மேட்-ஏ செய்வது கருவளர்ச்சியின் வேலை.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1970இல் வீல்ஸ் என்பவர் கொலோனியா என்ற ஒரு ஃபைசாரம் வகையைப் பற்றி எழுதினார். அதில் ஒரே அமீபாவின் வாரிசுகள் துணையே இல்லாமல் பிளாஸ்மோடியமாக மாறின. பிற்பாடு பார்த்தால், அந்தப் பிளாஸ்மோடியம் ஒற்றைமடியம். சேர்க்கை என்று ஒன்று நடக்கவே இல்லை. காரணமான திரிபு உட்கார்ந்திருப்பது மேட்-ஏ பக்கத்தில். ஸ்விட்ச் தானாகவே ‘போட்ட’ நிலையில் மாட்டிக்கொண்டது. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி: துணை மரபணுவின் குறுக்கீடு இல்லாததால் எந்தத் திரிபையும் நேரடியாகப் பிளாஸ்மோடியத்தில் பார்த்துவிடலாம்.

மேட்-சி 1987இல் வந்து சேர்ந்தது. சுற்றுப்புறத்தின் அமில காரத் தன்மை எவ்வளவு இருந்தால் ஒட்டலாம் என்பதில் அது தலையிடுகிறது. அவ்வளவுதான்.

இப்போது 720. மேட்-ஏவில் 16 வடிவம், மேட்-பியில் 15, மேட்-சியில் 3 என்று எடுத்துக்கொண்டு பெருக்கினால் வருகிற எண் அது. ஒவ்வொரு அமீபாவும் அந்த 720 வகைகளில் ஏதோ ஒன்று. எதற்கு இவ்வளவு என்று கேட்டால், மேட்-ஏ, மேட்-பி இரண்டை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா வடிவமும் சம அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத இரண்டு அமீபாக்கள் சந்தித்தால் மேட்-ஏ வேறாக இருக்க 16க்கு 15 வாய்ப்பு, மேட்-பி வேறாக இருக்க 15க்கு 14. இரண்டும் வேறாக இருக்க 16க்கு 14, அதாவது 87.5 சதவீதம். வகை இரண்டே என்று இருந்திருந்தால் சந்திக்கும் அந்நியர்களில் பாதிப் பேர் வீண். ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஊர்ந்து திரியும் உயிருக்கு இது பெரிய வித்தியாசம்.

அதே கணக்கை உடன்பிறப்புகளுக்குப் போட்டால் கதை மாறும். ஒரு பிளாஸ்மோடியத்தில் இரண்டு மேட்-ஏ, இரண்டு மேட்-பிதான் இருக்க முடியும். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து ஸ்போர்களுக்குப் போகின்றன. அதிலிருந்து வரும் இரண்டு அமீபாக்களுக்கு இரண்டுமே வேறாக இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம்தான். அந்நியருக்கு 87.5, கூடப்பிறந்தவருக்கு 25. கூடப்பிறந்தவரை முழுக்க ஒதுக்காமல், அந்நியரைத் தாராளமாக அனுமதிக்கிற ஏற்பாடு. வாட்ஸப்பில் 720ஐப் போடுகிறவர்கள் இந்த 87.5ஐப் போட்டால் எனக்குக் குறை இருக்காது.

ஒன்பதாவது படிக்கும் என் மகன், “அப்போ இதுல அப்பா யாரு, அம்மா யாரு?” என்று கேட்டான். இரண்டு அமீபாவும் ஒரே அளவு, முட்டை, விந்து என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா விஷயத்தில் பாரபட்சம் இருக்கிறது. சேர்ந்த சில மணி நேரத்தில் ஒரு தரப்பின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுவதும் சிதைக்கப்படுகிறது. யாருடையது தப்பும் என்பதையும் மேட்-ஏ தான் முடிவு செய்கிறது: அதன் வடிவங்களுக்குள் மேல் கீழ் வரிசை ஒன்று உண்டு, மேல்படியில் இருப்பவருடையது நிற்கும். எனவே ஒருவரோடு சேரும்போது ‘அம்மா’வாக இருக்கும் அதே வகை, இன்னொருவரோடு சேரும்போது ‘அப்பா’வாகிவிடும். மகனுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பரீட்சையில் எழுதாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிக்டியோஸ்டீலியம் என்ற இன்னொரு சளிப்பூஞ்சையைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். அதன் ஏற்பாடு வேறு. மூன்றே வகை, ஒரே மரபணு இடம். அந்த இடத்தில் என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன என்பது 2010இல் தெரிய வந்தது. சேர்ந்து உண்டான செல், சுற்றியிருக்கும் தன் இனத்து அமீபாக்களையே கூட்டி வந்து தின்று கொழுக்கும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

என் குடிலுக்கு உண்மையிலேயே பயன்பட்டது பிளாஸ்மோடியத்தின் இன்னொரு பழக்கம். இரண்டு பிளாஸ்மோடியங்கள் நேருக்கு நேர் வந்தால் கலந்து ஒன்றாகிவிடலாம். ஆனால் இங்கே விதி தலைகீழ். அமீபா சேர வேறாக இருக்க வேண்டும். பிளாஸ்மோடியம் கலக்க, அதற்கென்று இருக்கும் மரபணுக்களில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடும். சில சமயம் கலந்த பிறகு ஒருவரின் உட்கருக்களை மற்றவர் அழிப்பதும் உண்டு. ஃபைசாரத்தில் இதைக் கார்லைலும் டீயும் 1967இல் விவரித்தார்கள், டிடிமியத்திலும் இதே பழக்கம் உண்டு.

குழுவில் அப்போது ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. குடியாத்தம் பக்கத்து நண்பர் ஒருவர் குடிலிலும் மஞ்சள் வந்திருந்தது. நாங்கள் இருவரும் காளான் வித்து வாங்கியது ஒரே இடத்தில். வித்துப் புட்டியில்தான் கோளாறு என்று அவர் பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார். எனக்கு வைக்கோல் மேல் சந்தேகம்.

நேதாஜி மார்க்கெட்டில் கடல்பாசி வாங்கினேன், ரம்ஜானுக்கு இனிப்புச் செய்யப் போடுவார்களே, அதுதான். காய்ச்சி மூடியுள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் ஊற்றி, ஆறியதும் ஓட்ஸ் நாலைந்து தூவி, என் குடிலின் மஞ்சளில் ஒரு துண்டு, அவர் குடிலின் மஞ்சளில் ஒரு துண்டு எதிரெதிரே வைத்தேன். இன்னொரு தட்டில் என்னுடையதையே இரண்டு துண்டாக. பீரோவுக்குள் இருட்டில் வைத்துவிட்டேன். ஃபூலிகோ ஆய்வுக்கூட ஃபைசாரம் அளவுக்குச் சமர்த்து இல்லை, சில தட்டுகளில் படராமலே செத்தது. படர்ந்தவற்றில் முடிவு தெளிவாக இருந்தது. என்னுடைய இரண்டு துண்டும் சந்தித்த இடத்தில் கோடே இல்லாமல் கலந்து, நரம்புகள் குறுக்கே ஓடின. அவருடையதும் என்னுடையதும் நடுவில் ஒரு வெற்றிடம் விட்டு ஒதுங்கி நின்றன.

ஒரே பிளாஸ்மோடியத்தின் துண்டுகள் புட்டி வழியாக இரண்டு குடிலுக்கும் வந்திருந்தால் இவை கலந்திருக்க வேண்டும். ஸ்போர்த் தூளாக வந்திருந்தால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது, ஒரே தாயின் ஸ்போர்களிலிருந்து வருபவையும் ஒத்துப்போகாமல் இருக்கலாமே. அதனால் அந்தத் தொகுதியில் பிரிக்காமல் இருந்த ஒரு வித்துப் புட்டியை ஈரக் காகிதத்தில் கொட்டி மூடி வைத்தேன். சோள மணிகள் மேல் வெள்ளைக் காளான் இழை மட்டும்தான் படர்ந்தது. மஞ்சள் எட்டியே பார்க்கவில்லை. வைக்கோல் போரின் அடியிலிருந்து எடுத்த கூளத்தை அதே மாதிரி நனைத்து வைத்ததில் மஞ்சள் வந்தது.

நண்பர் பாக்கிப் பணத்தை அனுப்பிவிட்டார். நாங்கள் வைக்கோல் போரைத் தரையிலிருந்து தூக்கி, கல் பரப்பி அதன் மேல் அடுக்கித் தார்ப்பாய் போடுகிறோம். வேகவைக்கும் நேரத்தையும் கூட்டியிருக்கிறோம். மஞ்சள் தெரிந்த படுக்கையை அக்கா அன்றைக்கே வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிடுகிறார். மருந்து எதுவும் அடிப்பதில்லை. அது காளானைத் தாக்கும் நோயே இல்லை, வைக்கோலில் இருக்கும் பாக்டீரியாவைத் தின்ன வந்தது. ஆனால் மஞ்சள் படிந்த காளானை வேலூரில் யாரும் வாங்க மாட்டார்கள்.